காசு கொடுத்து ஓட்டியவன்

அரியலூரில் ஒருவன் வண்டி ஓட்டுகிறான் என்றால் அவனுக்கு யாரோ கூலி கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். சுண்ணாம்புக்கல் டிப்பர் என்றால் நடைக்கு இவ்வளவு, சிமெண்ட் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போனால் பேட்டா தனி. முத்தமிழ்செல்வன் ஒருத்தன்தான் தன் கையிலிருந்து காசைக் கொடுத்துவிட்டு ஓட்டினான். அதுவும் ஒரே ஆள் உட்கார்கிற, கூரை இல்லாத, முன்கண்ணாடி இல்லாத காரை.

அவன் அப்பா வைரக்கண்ணுவுக்கு மூன்று லாரி இருந்தது. கடைசி வரைக்கும் இந்தக் கணக்கு மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

"ஏன்டா, ஓட்டறவனுக்கு நாமதான பேட்டா குடுப்போம். நீ ஓட்டறதுக்கு நீயே குடுக்கிறியே, அப்ப மொதலாளி யாரு?"

"நான்தாம்ப்பா."

"மொதலாளின்னா பின்னாடி சீட்டுல உக்காரு. ஒன் காருல பின்னாடி சீட்டே இல்லியாமே."

எல்லாம் 1995இல் ஆரம்பித்தது. செல்வனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சிமெண்ட் மூட்டையோடு சென்னைக்கு மேற்கே ஒரு கட்டட வேலைக்குப் போனவன், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி டீ குடிக்க வண்டியை ஓரங்கட்டினான். ரோட்டுக்கு உள்ளே எங்கோ ஒரு சத்தம். வாய்க்குக் கொண்டுபோன டீயை அப்படியே வைத்துவிட்டுச் சத்தம் வந்த பக்கம் நடந்தான். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் அன்றைக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றான். மூட்டை இறக்க வேண்டிய இடத்தில் ஆளெல்லாம் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதற்கு அப்பாவிடம் வாங்கிய திட்டு தனி.

மறுவருஷம் அங்கேயே மூன்று நாள் பயிற்சி வகுப்பில் சேர்ந்தான். சொல்லிக்கொடுத்தவர் அவனை நாலு ரவுண்டு கவனித்துவிட்டு இறங்கச் சொன்னார். "தம்பி, கை நல்லாயிருக்கு. காலுதான் இன்னும் லாரியில இருக்கு" என்றார். அவர் சொன்னது நிஜம். பழைய லாரியில் கியர் இறக்க கிளட்ச்சை இரண்டு தடவை மிதிக்க வேண்டும். ரேஸ் காரில் அப்படி மிதித்தால் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் நேரம் போகும், பத்து ரவுண்டில் எதிராளி கண்ணுக்கே தெரியமாட்டான். அந்தப் பழக்கத்தை விட அவனுக்கு இரண்டு வருஷம் ஆனது. சாப்பிட உட்கார்ந்தாலும் இடது கால் தானாக இரண்டு தடவை அழுந்தும். கல்யாணமான புதிதில் லாவண்யா அதைப் பார்த்துவிட்டு, நரம்புக் கோளாறை மறைத்துக் கல்யாணம் செய்துவிட்டார்கள் என்று அவள் அம்மாவிடம் அழுதிருக்கிறாள்.

நாட்டிலேயே பெரிய பந்தயம் இந்த ஒற்றை ஆள் கார்களுக்கான ஃபார்முலா சாம்பியன்ஷிப்தான், வருஷம் முழுக்கப் பல பந்தயம் ஓட்டி, புள்ளிகளைக் கூட்டி ஒருத்தனுக்குப் பட்டம் கொடுப்பார்கள். அதில் ஓட்ட ஒரு டீம் வேண்டும். டீமில் இரண்டு கார் இருக்கும். ஒன்று கெட்டிக்காரனுக்கு, அவனுக்கு டீமே செலவு செய்யும். இன்னொன்று யார் காசு கொண்டுவருகிறார்களோ அவர்களுக்கு. அந்தக் காசில்தான் முதல் காருக்குப் புது டயர் வரும். சென்னை பிரேம்குமார் நடத்திய டீமில் 1998இல் செல்வனுக்கு இரண்டாவது கார் கிடைத்தது. வைரக்கண்ணுவின் மூன்றாவது லாரி அந்த வருஷம் கைமாறியது. அவர் ஒரு மாதம் பேசவில்லை, பிறகு மீதி இரண்டு லாரிக்கும் வேறு டிரைவரைப் போட்டார்.

அப்பாவிடம் இன்னொரு லாரி கேட்க முடியாது. அடுத்த வருஷத்திலிருந்து ஸ்பான்ஸர் பிடிக்கிற வேலையை லாவண்யா எடுத்துக்கொண்டாள். அவள் பி.காம். படித்தவள், வாய் உள்ளவள். காரின் படத்தை ஒரு அட்டையில் ஒட்டி, எந்த இடத்துக்கு என்ன விலை என்று கட்டம் போட்டு எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினாள். மூக்குப் பகுதியை ஜெயங்கொண்டம் முந்திரி வியாபாரி வைத்திலிங்கம் எடுத்துக்கொண்டார். பக்கவாட்டில் மணிவேல் பஸ் சர்வீஸ். வைத்திலிங்கம் தன் போட்டோவும் பேரப்பிள்ளைகள் மூன்று பேர் போட்டோவும் போட வேண்டும் என்றார்.

"அய்யா, கார் இருநூறு கிலோமீட்டர் வேகத்துல போகும். மொகம் தெரியாது."

"நிக்கிறப்ப தெரியும்லம்மா."

2001இல் அரியலூர் தனி மாவட்டம் ஆனபோது அவர் ஸ்டிக்கரில் 'அரியலூர் மாவட்டம்' என்று பெரிதாகப் போடச் சொன்னார். மறுவருஷமே அதைப் பெரம்பலூரோடு திரும்பச் சேர்த்துவிட்டார்கள். மெக்கானிக் பிளேடு வைத்து அந்த இரண்டு சொல்லைச் சுரண்டியெடுத்ததில் ஒரு பேரனின் காதும் சேர்ந்து போனது.

அந்த வருஷ முதல் பந்தயத்துக்கு வைத்திலிங்கம் குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் சம்சாரம் காருக்குப் பூஜை போட்டே தீருவேன் என்று மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். இரண்டு பக்கக் கண்ணாடிக்கும் சேர்த்து. மெக்கானிக் மாலையை எடுத்தானே தவிர சாமி குங்குமத்தைத் துடைக்கக் கை வரவில்லை. பின்னால் வருகிறவன் யார் என்றே தெரியாமல் செல்வன் நாலு ரவுண்டு ஓட்டினான், ஐந்தாவது ரவுண்டில் ஒருத்தன் வந்து இடித்தான். டீம் பையன்கள் அதற்கப்புறம் அவனை "மொய் டிரைவர்" என்றார்கள். மொய் வைத்துவிட்டு இலையில் உட்கார்கிறவனாம். செல்வனும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பான். ரூமுக்குப் போனதும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான்.

அவனுக்கு ஒரே ஒரு ஆசை. ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம், யாராவது தானாகக் கூப்பிட்டு, காசு வேண்டாம் செல்வன், நீ வந்து ஓட்டு என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் ஆறு வருஷம் பழைய டயரில் ஓட்டினான். ஆறாவது, எட்டாவது, நல்ல நாள் என்றால் நாலாவது. முதல் கார் கோயம்புத்தூர் சத்யாவுடையது. சத்யாவை ஒருநாளும் அவன் முந்தியதில்லை.

2003 நவம்பரில் கடைசிப் பந்தயம். சத்யா முதலாவதாக வந்தால் சாம்பியன். இரண்டாவதாக வந்தால்கூடப் பட்டம் மும்பைக்காரன் ஒருவனுக்குப் போய்விடும். காலையில் பிரேம்குமார் செல்வனைத் தனியாகக் கூப்பிட்டார். வானம் கருகருவென்று இருந்தது.

"செல்வன், இன்னிக்கு எப்படி வேணா ஆகலாம். ஒருவேளை நீ முன்னாடி இருந்து, சத்யா பின்னாடி வந்தா வழி விட்டுடு. போர்டுல அம்புக்குறி காட்டுவோம்."

"சரிங்க சார்."

"விட்டேன்னா அடுத்த வருஷம் உன் சீட்டுக்கு ஒரு பைசா வேணாம். நான் வாய்ல சொல்றதத்தான் செய்வேன், உனக்குத் தெரியும்."

செல்வன் ஆறு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. அதற்கு அவன் கொடுக்க வேண்டியதோ ஒன்றுமே இல்லை. அவன் எங்கே சத்யாவுக்கு முன்னால் ஓடப்போகிறான்? "சரிங்க சார்" என்று இன்னொரு தடவை சொல்லிக் கை கொடுத்தான். ஓடிப்போய் லாவண்யாவிடம் சொன்னான். அவள் கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தாள். "அப்ப நான் இனிமே கடை கடையா ஏற வேணாமா?" என்று கேட்டபோது அவள் கண் கலங்கிவிட்டது.

பந்தயம் ஆரம்பிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது மழை கொட்டித் தீர்த்துவிட்டு நின்றது. முதல் வளைவிலேயே முன்னால் போன இரண்டு கார் ஒன்றையொன்று இடித்து மண்ணில் இறங்கின. மும்பைக்காரன் அதில் தப்பி மெதுவாக வெளியே வந்தான். சத்யா வழுக்கிச் சுழன்று, கடைசி ஆளாக மறுபடி கிளம்பினான். தண்ணீர் தெறித்ததில் செல்வனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கல் லாரி கிளப்பிய புழுதிக்குள் ஓட்டிப் பழகியவன், சத்தத்தை வைத்தே வண்டியை நேராகப் பிடித்தான். புகை மாதிரி இருந்த நீர்த்துளி அடங்கியபோது அவனுக்கு முன்னால் யாரும் இல்லை.

யாருமே இல்லை. வெறும் ரோடு. அப்படி ஒரு ரோட்டை அவன் அந்த டிராக்கில் பார்த்ததே இல்லை.

பன்னிரண்டு ரவுண்டு அப்படியே போனது. பின்னால் சத்யா ஒவ்வொருத்தராகத் தாண்டி வந்துகொண்டிருந்தான். மூன்று ரவுண்டு பாக்கி இருக்கும்போது கண்ணாடியில் அவன் கார் தெரிந்தது. டீம் ஆட்கள் நிற்கிற பிட்டில் சுவருக்கு மேலே போர்டு நீட்டினார்கள். அதில் அம்புக்குறி.

ரோடு காய்ந்துகொண்டிருந்தது. கார்கள் ஓடி ஓடி ஒரே ஒரு தடம்தான் காய்ந்திருந்தது, இரண்டு பக்கமும் ஈரம். முந்த வேண்டும் என்றால் சத்யா ஈரத்தில் இறங்க வேண்டும். இறங்கினால் வழுக்கும். செல்வன் தானாக நகர்ந்தால்தான் உண்டு.

நகரத்தான் நினைத்தான். நேர் ரோட்டில் விடலாம் என்று ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை லேசாகத் தூக்கினான். சத்யா இடது பக்கம் மூக்கை நீட்டினான். அந்த நொடியில் செல்வனுக்குக் கல் குவாரி ரோடு நினைவுக்கு வந்தது. குவாரிக்குப் போகிற பாதையில் ஒரு வண்டிதான் போகலாம். எதிரே வண்டி வந்தால் லோடு வண்டி நகராது, காலி வண்டிதான் ஓரங்கட்டி நிற்கும். எந்த டிரைவரும் அதற்குச் சண்டை போட்டதில்லை. செல்வனுக்குத் தன் காரின் கனம் முழுக்க ஒரு நொடியில் தெரிந்தது. அப்பாவின் லாரி, லாவண்யா ஏறிய கடைப்படி, காது போன பேரன், மொய் டிரைவர் என்று சிரித்த வாய், எல்லாம் இதில்தான் ஏறியிருக்கின்றன. அடுத்த வருஷம் காசு வேண்டாம் என்றால், இந்த வருஷம் இதைக் கொடு என்று அர்த்தம். விலையில்லாத சீட்டு என்று ஒன்று கிடையாது. விலை மட்டும்தான் மாறுகிறது. இந்த விலை அவனுக்குக் கட்டாது.

காலை அழுத்தினான்.

போர்டு மறுபடி வந்தது. பிரேம்குமாரே அதைப் பிடித்துக்கொண்டு சுவரில் ஏறி நின்றார். கடைசி ரவுண்டில் சத்யா இரண்டு தடவை ஈரத்தில் இறங்கிப் பார்த்தான். இரண்டு தடவையும் கார் ஆடியது, பின்வாங்கினான். செல்வன் ஒரு முழம்கூடத் தடத்தை விடவில்லை. கொடி அவனுக்கு விழுந்தது. கிளட்ச்சில் இருந்த கால் தானாக இரண்டு தடவை அழுந்தியதை அவனே பார்த்துச் சிரித்தான்.

கூட்டத்தில் வைத்திலிங்கம் துண்டைச் சுழற்றிக்கொண்டு நின்றார். பிட்டில் கை தட்ட ஆளில்லை. பிரேம்குமார் கிட்டே வந்தார்.

"கை குடுத்துட்டுப் போனியேடா."

"குடுத்தேன் சார். தப்புதான். முன்னாடி போவேன்னு நெனைக்காம குடுத்துட்டேன்."

"பட்டம் போச்சு. தெரியுதா? மூணு மெக்கானிக்குக்கு இந்த வருஷ போனஸ் போச்சு."

செல்வன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். தலை குனியவில்லை. ஒவ்வொரு மெக்கானிக்கிடமும் போய் மன்னிப்புக் கேட்டான். ஒருத்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், மற்ற இருவர் கேட்டுக்கொண்டார்கள். சத்யா டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"நீ விடுவேன்னு சொன்னாங்க" என்றான்.

"சொன்னேன் சத்யா. மனசு வரல."

சத்யா கையுறையைக் கழற்றினான். "விட்டிருந்தா நான் சாம்பியன். ஆனா உன்ன நான் தாண்டலன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். கை கொடுக்கவில்லை.

ஊர் திரும்புகிற வேன் விழுப்புரத்தைத் தாண்டியது. கோப்பை லாவண்யா மடியில் இருந்தது. அவள் கேட்டாள்.

"அந்த சீட் போயிடுச்சாங்க?"

"போயிடுச்சு."

"அடுத்த வருஷம்?"

"வேற டீம் ஒண்ணு இருக்கு. அவங்களும் காசுதான் கேப்பாங்க. நீ ஏற வேணாம், நானே கடை ஏறறேன்."

"நீங்க ஏறினா ஒருத்தனும் தரமாட்டான். விலை சொல்லத் தெரியாது ஒங்களுக்கு" என்றாள். "மூக்குக்கு ரேட்டை ஏத்தணும். ஜெயிச்ச மூக்கு."

அந்த வாரம் புதன்கிழமை இருவரும் பஸ் ஏறி ஜெயங்கொண்டம் போனார்கள். வைத்திலிங்கத்தின் குடோனில் பெண்கள் முந்திரி உடைத்துக்கொண்டிருந்தார்கள், முந்திரி ஓட்டிலிருந்து வடிந்த எண்ணெயின் நெடி கண்ணைக் கரித்தது. அவர் நடந்ததையெல்லாம் யார் மூலமோ கேள்விப்பட்டிருந்தார்.

"தம்பி, வழி விட்டிருந்தா அந்த டீம்காரன் சீட்டைச் சும்மா குடுத்திருப்பானாமே. அப்ப எங்கிட்ட வந்து நிக்க வேண்டியதில்லியே."

"ஆமாங்கய்யா."

"பின்ன ஏன்டா விடல?"

செல்வன் அவரை நேராகப் பார்த்தான். "அன்னிக்கு நான்தானுங்கய்யா முன்னாடி இருந்தேன்."

வைத்திலிங்கம் லாவண்யா நீட்டிய அட்டையை வாங்கி, புது விலையைப் பார்த்து, "என்னம்மா இது, பகல் கொள்ளை" என்றார். பிறகு மூக்குப் பகுதிக் கட்டம் தனக்குத்தான் என்று தன் பேனாவால் அதில் ஒரு கோடு இழுத்தார். பிறந்து நாற்பது நாளான நாலாவது பேரனுக்கும் இடம் இருக்கிறதா என்று கேட்டார்.

2007 வரை செல்வன் ஓட்டினான். இன்னொரு தடவை முதலாவதாக வரவில்லை. யாரும் அவனைச் சும்மா கூப்பிடவும் இல்லை, அவன் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. ஒவ்வொரு தையிலும் பொங்கல் முடிந்த கையோடு, அவனும் லாவண்யாவும் அட்டையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினார்கள்.