உதடு காட்டிய பக்கம்

இலோய்லோ நகரத்தில் விரல் நீட்டி வழி காட்டுகிறவன் வெளியூர்க்காரன். உள்ளூர்க்காரர்களுக்கு உதட்டைக் குவித்து ஒரு பக்கமாக அசைத்தால் போதும். நெரிசா சுமகாய்சாய், பயணிகளை ஏற்றிச் செல்லும் ஜீப்னி வண்டி ஓட்டுநரின் மகள். அப்பாவுக்கு இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்ததால், வீட்டில் உப்பு கேட்பதுகூட உதட்டால்தான்.

பேச்சு வராத குழந்தைகளுக்குப் பட அட்டைகளைக் கொண்டு கேட்கச் சொல்லிக்கொடுப்பதும், எது பலிக்கிறது என்று வீடியோ எடுத்து ஆராய்வதும் அவளுடைய வேலை. தரையில்தான் உட்காருவாள். "பாவம்" என்று யாராவது உச்சுக்கொட்டினால் வெளியே அனுப்பிவிடுவாள்.

மீன் விற்கும் டெல்மாவின் மகள் மிகாய்க்கு ஏழு வயது. வேண்டியது கிடைக்காவிட்டால் சுவரில் தலையை மோதிக்கொள்வாள். நெரிசாவிடம் வந்தபின் அது நின்றிருந்தது. "மாம்பழம் எது?" என்றால் சரியான அட்டையை எடுத்தாள். தண்ணீரும் கழிப்பறையும் தானே கேட்டால் பள்ளியில் சேர்த்துக்கொள்வதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். டெல்மா சீருடைக்குத் துணியே எடுத்துவிட்டாள்.

ஒரு மதியம் உடன் வேலை செய்யும் பெஞ்சோ, சாப்பிட்டுக்கொண்டே சத்தமில்லாமல் வீடியோவை ஓடவிட்டவன், திடீரென்று சிரித்தான்.

"மேம், பொண்ணை விடுங்க. உங்க வாயைப் பாருங்க."

மிகாய் கை நீட்டுவதற்கு முன்பே நெரிசாவின் உதடு சரியான அட்டைப் பக்கம் குவிந்திருந்தது. ஒவ்வொரு முறையும் அப்படித்தான். மிகாய் அட்டையைப் பார்க்கவே இல்லை, அந்த உதட்டைத்தான் பார்த்தாள். பெஞ்சோ உட்கார்ந்து கேள்வி கேட்கும் வீடியோக்களிலும் அதே கதை. அவனுடைய சிரிப்பு அடங்கியது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இவர்களுக்குத் தங்கள் உதடே தெரியவில்லை.

நெரிசாவுக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் மறைக்கிற ஜாதி இல்லை அவள். அன்று மாலையே டெல்மாவிடம் சொல்லிவிட்டாள்.

"அப்ப என் பொண்ணு ஒண்ணுமே கத்துக்கலையா, மேம்?"

"கத்துக்கிட்டா, அக்கா. அட்டையை இல்ல, என் மூஞ்சியை."

"அப்ப ஸ்கூலுக்கு உங்க மூஞ்சியையும் பையில போட்டு அனுப்பணுமா?"

"திட்டுங்க. ஆனா கூட்டிட்டு வர்றதை மட்டும் நிறுத்தாதீங்க."

மறுநாளிலிருந்து எல்லோரும் முகக்கவசம் போட்டுக்கொண்டார்கள். மிகாய் திகைத்துப்போனாள். அட்டைகளை வீசினாள். மறுபடியும் நெற்றி வீங்கியது.

பிறகுதான் நெரிசாவுக்கு உறைத்தது: இவ்வளவு நுணுக்கமாக உதட்டைப் படிக்கிறவளுக்கு தன் உதட்டாலேயே கேட்கவும் கற்றுக்கொடுத்தால் என்ன?

கவசங்கள் குப்பைக்குப் போயின. மாம்பழம் அலமாரிமேல் ஏறியது. நெரிசா வாயை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தாள். மிகாயின் உதடு தற்செயலாக அசைந்தாலும் போதும், உடனே ஒரு துண்டு கைக்கு வரும். தற்செயல் மெல்ல மெல்லப் பழக்கமாயிற்று. பிறகு ஆளை மாற்றினார்கள், அறையை மாற்றினார்கள். கடைசியில் மீன் சந்தையில், முன்பின் தெரியாத ஐஸ்காரரிடமே ஐஸ் வாங்கிவிட்டாள் மிகாய்.

தலைமையாசிரியை ஒக்தாவியா பானெஸ் கல்லில் செதுக்கின முகத்துக்காரர். மிகாயைப் பள்ளியில் சேர்க்கப் போன அன்று மேசைமேல் அட்டைகளைப் பரப்பினார்.

"தண்ணி எது, பாப்பா?"

மிகாய் அட்டைகளைச் சீண்டவில்லை. டெல்மாவின் கை பாவாடையைக் கசக்கியது. நெரிசா பல்லைக் கடித்து உதட்டைக் கட்டிப்போட்டாள்.

தலைமையாசிரியை நிமிர்ந்தார். "பாருங்க, எனக்கும் மனசு இல்லாம இல்ல. ஆனா நாப்பது பிள்ளைங்க இருக்கிற வகுப்புல…"

மிகாய் ஜன்னலோரக் கூஜாவைப் பார்த்தாள். அடுத்து அவர் கண்ணைப் பார்த்தாள். உதட்டைக் குவித்துக் கூஜாப் பக்கம் அசைத்தாள்.

"…ஒரு டீச்சர் எவ்வளவுதான் கவனிப்பாங்க?" என்று பேசிக்கொண்டே தலைமையாசிரியை எழுந்து போய், தம்ளரில் தண்ணீர் ஊற்றி மிகாய் கையில் கொடுத்தார். அவள் மடமடவென்று குடித்தாள்.

கூஜாவும் கையுமாக அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அவ கேட்டா, நீங்க கொடுத்தீங்க," என்றாள் நெரிசா. "நடுவுல நான் வாயே தொறக்கலையே, மேம்."

டெல்மா அழுகையும் சிரிப்புமாக முகத்தை மூடிக்கொண்டாள்.

"அப்ப கழிப்பறை?" என்றார் தலைமையாசிரியை, விடாக்கண்டராக.

"அது எங்க இருக்குன்னு அவளுக்கு யாரும் காட்டலையே."

"அதோ, அங்கதான்," என்று தலைமையாசிரியை தாழ்வாரத்துப் பக்கம் உதட்டைக் குவித்தார்.

மிகாய் தம்ளரை மேசையில் வைத்துவிட்டு, நேராக அந்தப் பக்கம் நடந்தாள்.