கிளினிக் கொப்பியில் ஒரு ஹைப்பர்

சென்ற மாதம் முழுவதும் காலைத் தேநீரோடு மனைவிக்கு ஆங்கிலச் சொற்களை விளக்கினேன். ‘ஹைப்பர்’ என்ற கிரேக்க முன்னொட்டு வந்தால் அளவுக்கு மிஞ்சியது என்று பொருள். நாட்குறிப்பில் ஒன்பது சொற்களை உதாரணத்தோடு எழுதிக் காட்டினேன். அவள் கொட்டாவி விட்டாள்.

இந்தச் செவ்வாய் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், டாக்டர் நோயை எழுதித் தந்த என் கிளினிக் கொப்பியை அகராதிக்குப் பின்னால் ஒளித்தேன். அவள் பார்த்தால் உப்பு ஊறிய மோர்மிளகாய்க்குத் தடை விழும். மதியம் சோற்றோடு கொப்பியும் வந்தது.

“இஞ்சாருங்கோ, ஹைப்பர்டென்ஷன் எண்டு கிடக்கு. பிரஷர் மிஞ்சிப் போச்சோ?”

“கொஞ்சம்தானப்பா.”

“கொஞ்சத்துக்கு ஹைப்பர் போடமாட்டினமெண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்!”

தட்டில் மோர்மிளகாய் இல்லை. நாட்குறிப்பில் பத்தாவது சொல்லை அவளே எழுதியிருந்தாள். பொருள் சரி. உதாரணத்துக்கு என் பெயர்.