மாமாவிடம் இருந்த இரண்டு கருவிகள்

போர்நிறுத்தம் வந்து பாதை திறந்து, வெளிநாட்டில் இருந்தவர்கள் ஊர் பார்க்க வரத் தொடங்கியிருந்த காலம். அம்மாவின் தம்பி வெளிநாட்டில் நில அளவை வேலை செய்பவர். ஆடி மாதம் வட்டக்கச்சிக்கு எங்களிடம் வருவதாகவும், தான் பாவித்த இரண்டு பொருட்களில் ஒன்றை எங்களுக்குத் தருவதாகவும் தொலைபேசியில் சொன்னார். ஒன்று மடிக்கணினி. மற்றது, நிற்கும் இடத்தைச் செய்மதியிடம் கேட்டு எண்களில் காட்டும் ஜி.பி.எஸ். கருவி. அதைக் கொண்டுவர அனுமதிக் கடிதம் தானே எடுப்பாராம். நாங்கள் எடுக்காதது அவருடைய மனைவி வீட்டாருக்குப் போகும். யோசித்து எழுதச் சொன்னார்.

அப்பா யோசிக்கவே இல்லை. "இடம் காட்டுறதை எழுது, பிள்ளை" என்றார். வீட்டில் கடிதம் எழுதுவது நான்தான்.

அது எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். ஆறு வருடங்களுக்கு முன்னர், இடம்பெயர்ந்து நடந்துகொண்டிருந்தபோது, முல்லைத்தீவுப் பக்கக் காட்டில் தம்பி காய்ச்சலில் இறந்துபோனான். இரண்டு வயது. அவ்வளவு சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை. ஒரு பாலை மரத்தடியில் புதைத்துவிட்டு நடந்தோம். அந்த வயதுக்குத் திவசமும் கிடையாது என்று ஐயர் சொல்லிவிட்டார். ஆனால் வருடாவருடம் அந்த நாளில் அப்பா ஒரு பிஸ்கட் பைக்கற்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தனியே போவார், பொழுதுபட முன்னர் திரும்பிவிடுவார். அம்மா ஒருமுறையும் கூடப் போனதில்லை. கேட்டால் குசினிக்குள் போய்விடுவார்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. எதையும் கோடு போட்டுப் பிரித்துப் பார்க்காமல் எனக்கு முடிவெடுக்க வராது. கொப்பியின் நடுப்பக்கத்தில் அட்டவணை கீறினேன். பாவிப்போர்: கணினிக்கு நால்வர், கருவிக்கு ஒருவர். பாவிக்கும் நாட்கள்: கணினிக்கு வருடம் முழுவதும், கருவிக்கு ஒரு நாள். மின்சாரம்: இரண்டுக்கும் தேவை, ஆகவே சமன். போகவேண்டிய இடம்: ஏற்கெனவே தெரிந்தது. கணினி எழுபத்தெட்டுப் புள்ளி பெற்றது. கருவிக்குக் கிடைத்தது இருபத்தொன்று.

தட்டச்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்தாள். "அப்பா, உவள் உங்களைப் பெயில் விட்டிட்டாள்."

அப்பா சிரித்துக்கொண்டே கொப்பியை வாங்கி, கை நீட்டித் தள்ளிப் பிடித்து, வரிவரியாகப் பார்த்தார். கடைசி வரியில் அவருடைய விரல் நின்றது.

"உங்களுக்கு வழி தெரியும்தானே அப்பா. கண்ணை மூடிக்கொண்டு போவியள்" என்றேன்.

"ஓம். எனக்குத் தெரியும்தான்."

"பிறகேன் கருவி?"

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "சரி, கொம்பியூட்டரையே எழுது" என்று கொப்பியை என்னிடம் தந்தார். "இவ்வளவு கணக்குக்கு மேல நான் என்னத்தைக் கதைக்கிறது."

கணினி வந்தது. எங்கள் பக்கம் மின்சாரம் இன்னும் வரவில்லை என்பது அதை மேசையில் வைத்த பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. ஜி.பி.எஸ். என்றால் ரோச்சுக்குப் போடும் பற்றறி இரண்டு போதுமாம். மாமா அதைச் சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தார். அதன்பின் கிழமைக்கு இரண்டு தடவை அப்பாதான் கணினியைப் பசளைப் பையில் சுற்றி, கிளிநொச்சியில் ஜெனரேற்றர் வைத்திருந்த கடைக்குச் சைக்கிளில் கொண்டுபோவார். "இவருக்குச் சாப்பாடு தீத்திக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் பெடலை மிதிப்பார். அக்கா அதில் பழகித்தான் ஒரு அலுவலகத்தில் வேலை எடுத்தாள். என் கணக்குச் சரிதான் என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன்.

அடுத்த இடப்பெயர்வில் கணினி தொலைந்தது. திரும்பி வந்து அதிக காலம் அப்பா உயிரோடு இருக்கவில்லை.

போன வருடம், ஒரு காலையில், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அம்மா, "என்னைத் தம்பியின்ர இடத்துக்கு ஒருக்காக் கூட்டிக்கொண்டு போ" என்று கேட்டார். ஓட்டோ பிடித்துப் போனோம். ஒழுங்கை அகலமான வீதியாகியிருந்தது. காட்டின் விளிம்பை வெகுதூரம் வெட்டித் தள்ளியிருந்தார்கள். மிஞ்சியிருந்த பாலை மரங்களை எண்ணினேன். பதினான்கு வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன். கைத்தொலைபேசி நாங்கள் நிற்கும் இடத்தை நீலப் புள்ளியாகத் துல்லியமாகக் காட்டியது. எங்கே போகவேண்டும் என்று அதற்குச் சொல்ல, அந்த இடத்தின் எண்கள் என்னிடம் இல்லை.

தான் இல்லாமல் போகும் காலத்துக்காக ஒருவர் கருவி கேட்பார் என்பது பதின்மூன்று வயதில் எனக்கு விளங்கவில்லை. அம்மா ஓட்டோவிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, எந்தப் பக்கம் திரும்பிக் கும்பிடுவது என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.