இத்தாவில் இருந்தவளின் கடை வரி

மொஹிதீன் மௌத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அவன் பெண்சாதி பலீலா குசினிக்கும் படுக்கையறைக்கும் நடுவே நடந்து நடந்து சிமெந்துத் தரையைப் பளபளப்பாக்கிவிட்டாள். புருசன் செத்தவள் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வெள்ளைச் சேலை உடுத்தி, அந்நிய ஆம்பிளை முகம் பார்க்காமல் உள்ளேயே கிடக்க வேண்டும். கிடக்கிறவள் கிடப்பாள். பலீலாவுக்கு உட்காரவே வராது. கலியாணத்தன்றே மணவறையிலிருந்து எழுந்துபோய் சோற்றுச் சட்டியை எட்டிப் பார்த்தவள் அவள்.

வீட்டுக்கு முன்பக்கம்தான் கடை. பதுளை பஸ் நிலையத்துக்குக் கீழே இறங்குகிற சந்தில், உட்கார நாலு வாங்கும் ஒரு கண்ணாடி அலுமாரியும் போட்ட தேத்தண்ணிக் கடை. நமுனுகுலையிலிருந்தும் மடுல்சீமையிலிருந்தும் இறங்குகிற தோட்டத்துச் சனம் அங்கேதான் ரொட்டி தின்னும். மொஹிதீன் நல்ல மனுசன்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் கல்லாவில் உட்கார்ந்து பேப்பர் படித்ததைத் தவிர அவன் வேறொன்றும் செய்ததில்லை. மாவு பிசைந்ததும் சம்பல் இடித்ததும் கடன்காரனை விரட்டியதும் பலீலா. இப்போது அவள் திரைக்கு உள்ளே ரொட்டி சுட, வெளியே றீட்டா விற்றாள். றீட்டா தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த வேதக்காரி. வாய் நீளம், கை சுத்தம்.

அந்த வருசம் பட்டணத்துச் சபை ஒரு சலுகை கொடுத்தது. சிறு கடைக்காரர்களின் லைசன் வரியில் பாதியைச் சபையே ஏற்றுக்கொள்ளும். கடையை வைத்திருக்கிறவரே நின்று வேலை செய்ய வேண்டும், அவருக்கு வேறு கடை இருக்கக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை. சந்துக் கடையும் அந்தச் சலுகைப் பட்டியலில் ஏறியிருந்தது. மொஹிதீனின் ஆஸ்பத்திரிச் செலவு வீட்டைத் துடைத்துப் போட்டிருந்தது. பாதி வரி என்றால் பலீலா எப்படியும் கட்டிவிடுவாள். முழு வரி அவளால் முடியாது. வரி கட்டாத கடைக்குச் சபைக்காரன் பூட்டுப் போடுவான்.

செவ்வாய்க்கிழமை சபையிலிருந்து அற்புதராஜ் என்ற உத்தியோகத்தர் கடை பார்க்க வந்தார். அந்த நேரம் பார்த்து மொஹிதீனின் தம்பி இத்ரூஸ் வாசலில் நின்றான். பண்டாரவளையில் புடவைக் கடை வைத்திருக்கிறவன். கடை யாருடையது என்று அவர் கேட்டார். இத்தாவில் இருக்கிற மதினியின் பேரை நடு ரோட்டில் இன்னொரு ஆம்பிளையிடம் எப்படிச் சொல்வது? அந்தக் குடும்பத்தில் பெண்பிள்ளைகளின் பேரைத் தபால்காரனிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். இத்ரூஸ் நெஞ்சை நிமிர்த்தி, "நான்தான்" என்றான். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

றீட்டா திரைக்கு உள்ளே ஓடி வந்தாள்.

"அக்கா, ஒங்க கொழுந்தன் கடைய எழுதி வாங்கிட்டாரு."

"என்ன செல்ற நீ?"

"அந்த ஐயா கேட்டாரு, இவரு நான்தான் மொதலாளின்னுட்டாரு. அவருக்குப் பண்டாரவளையில கடை இருக்கில்ல? அப்ப சலுகை கெடையாதாம். நம்ம பேர வெட்டிட்டாங்க."

பலீலா ரொட்டியைத் தாச்சியிலேயே கருகவிட்டு எழுந்தாள். திரைக்குப் பின்னால் நின்று கூப்பிட்டாள்.

"தம்பி, என்ன வேல செஞ்சீங்க?"

"மானத்தக் காப்பாத்தினன் மதினி. வேற என்ன செய்ய? ஒங்கட பேர ரோட்டுல கூவவா?"

"என்ட மானம் பாதி வரியோட போச்சு."

"அதுக்கென்ன. முழு வரியையும் நானே கட்டுறன். லைசன் என்ட பேர்ல ஈக்கட்டும். இத்தா முடிய நீங்க பண்டாரவளைக்கு வாங்க. எங்கட வீட்டுல ஒங்களுக்கு என்ன கொற?"

குறை என்னவென்று பலீலாவுக்குத் தெரியும். அவன் வீட்டுக் குசினியில் ஆயுள் முழுக்க ஓசி வேலைக்காரியாக இருக்க வேண்டும். இந்தக் கடை அவன் புடவை மூட்டைக்குக் குடோனாகும். இத்ரூஸ் கெட்டவன் இல்லை. நல்லது செய்கிறேன் என்று அடுத்தவர் கழுத்தில் ஏறி உட்காருகிற சாதி. கெட்டவனையாவது வாய்க்கு வந்தபடி ஏசலாம்.

வெள்ளிக்கிழமை மாலை சலுகைப் பட்டியல் மேலிடத்துக்குப் போய்விடும். இரண்டு நாள் பலீலா சாப்பிடவில்லை, படுக்கவில்லை. கிடைத்த பாத்திரத்தையெல்லாம் தேய்த்தாள். தேய்த்ததையே திரும்பவும் தேய்த்தாள். வியாழக்கிழமை காலை றீட்டாவின் கையைப் பிடித்தாள்.

"புள்ள, பள்ளிவாசலுக்குப் போ. தொழுவிக்கிற ஹஸரத்கிட்ட ஒரு வார்த்த கேட்டு வா. இத்தாவில ஈக்கிறவ வயித்துப் பாட்டுக்கு வெளியில போகலாமா?"

"நானா? வேதக்காரி நான் பள்ளியில போயி என்னான்னு கேக்குறது?"

"வாயாலதான் கேக்குறது. ஒனக்கு அது பெரிசாத்தானே ஈக்கி."

றீட்டா போனாள். வரும்போது சிரித்துக்கொண்டே வந்தாள்.

"முக்காடு போட்டு, சிலுவைய ரவிக்கைக்குள்ள தள்ளிட்டுத்தான் கேட்டைத் தட்டினேன். அவரு பாவம், தங்கமான ஆளு. வேற ஆள் இல்லாத தேவைன்னா பகல்ல போகலாமாம். பொழுது சாயுறதுக்குள்ள வீடு திரும்பணுமாம்."

அந்த வாரம் பதுளையிலேயே தங்கியிருந்த இத்ரூஸ் இதைக் கேட்டுக் குதித்தான். "எங்கட உம்மா இத்தாவில சன்னல்கூடத் தொறக்கல்ல."

"ஒங்கட உம்மாவுக்குக் கடை இல்ல தம்பி," என்றாள் பலீலா.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பாங்கு சொன்னதும் பசாரில் முஸ்லிம் கடைகளின் பலகைகள் ஒவ்வொன்றாக ஏறி அடைபட்டன. ஆம்பிளைகள் எல்லாம் பள்ளிக்குள் போன நேரம் பார்த்து பலீலா வெளியே வந்தாள். வெள்ளைச் சேலையால் முகத்தை மூடி, குடையை இறக்கிப் பிடித்து, றீட்டாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இரண்டு மாதமாக வெயில் படாத கண். ரோட்டின் வெளிச்சம் குத்தியது. கால் மட்டும் ஓடியது. "மெதுவாப் போங்கக்கா, சபை எங்கயும் ஓடிறாது," என்று றீட்டா மூச்சு வாங்கினாள்.

அற்புதராஜ் மேசையில் சோற்றுப் பார்சலை விரித்து வைத்திருந்தார். வெள்ளைச் சேலையைக் கண்டதும் எழுந்து கை கழுவினார்.

"சந்துக் கடை என்னோடது ஐயா," என்றாள் பலீலா, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி. "வரியில என்னய வெட்டாதீங்க."

"அன்னைக்கு ஒருத்தர் நான்தான் மொதலாளின்னாரேம்மா?"

"என்ட பேரச் செல்ல வெக்கப்பட்டு அப்படிச் சென்னாரு. மாவு பெசயச் செல்லுங்க, தெரியுமான்னு பாப்பம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "நான் நம்புறேன்மா. ஆனா நான் நம்பிப் பிரயோசனம் இல்ல. அப்பிடிச் சொன்ன ஆளே வந்து தன் வாயால மாத்திச் சொல்லணும். நாலு மணிக்கு இது மேல போயிரும்."

பலீலா றீட்டாவைப் பார்த்தாள். றீட்டா, இத்ரூஸ் தொழப் போயிருந்த பள்ளியைப் பார்த்து இறங்கினாள்.

அதன்பிறகு காத்திருந்ததுதான் பெரிய பாடு. ஒரு மூலையில் கதிரை போட்டுக் கொடுத்தார்கள். பலீலா உட்காரவில்லை. சுவரைப் பார்த்தபடி அந்த மூலையிலேயே இரண்டடி போனாள், இரண்டடி வந்தாள். வரமாட்டான் என்று நினைத்தாள். வந்தாலும் வாய் திறக்கமாட்டான் என்று நினைத்தாள். பண்டாரவளை வீட்டுக் குசினியின் புகை அவள் மூக்கில் ஏறிவிட்டது. உத்தியோகத்தர் தேத்தண்ணி வேணுமா என்று கேட்டதுகூட அவள் காதில் விழவில்லை.

இத்ரூஸ் வந்தான். தொப்பி தலையில், முகம் செக்கச்செவேலென்று. பின்னால் றீட்டா, ஒன்றுமே தெரியாதவள் மாதிரி.

"சொல்லுங்க மொதலாளி. சந்துக் கடை யாரோடது?" என்றார் அற்புதராஜ்.

இத்ரூஸ் தரையைப் பார்த்து என்னவோ முனகினான்.

"வெளங்கல."

"என்ட மதினிட."

"பேரு?"

அறையில் இருந்த நாலு கிளார்க்குமாரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். இத்ரூஸுக்கு நெற்றி வேர்த்தது. சுவரைப் பார்த்து நடந்துகொண்டிருந்த பலீலா நின்றுவிட்டாள்.

"பலீலா," என்றான் அவன். "மொஹிதீன்ட பெண்சாதி பலீலா. கடை அவங்கட. நான் பொய் சென்னன்."

பேர் திரும்பவும் ஏறியது. பாதி வரியைச் சபை ஏற்றது. மீதிக்குத் திங்கட்கிழமை வரை தவணை கிடைத்தது. பலீலா பெருவிரலை மையில் தொட்டு அழுத்திய அழுத்தில் கடதாசி கிழியப் பார்த்தது.

வீட்டுக்கு வரும் வழியில் இத்ரூஸ் முன்னே தனியாகப் போனான். ஜும்மா முடிந்து கடைப் பலகைகள் இறங்கியிருந்தன. பார்த்தவர்கள் பார்த்தார்கள்.

"என்ன செல்லிக் கூட்டி வந்த அவர?" என்று குடைக்குள்ளிருந்து கேட்டாள் பலீலா.

"ஒண்ணுமில்லக்கா. நீங்க ஆபீசுல சொல்றீங்களா, இல்ல பள்ளி வாசல்ல வச்சு நான் சத்தம் போட்டுச் சொல்லவான்னு கேட்டேன்."

பலீலாவுக்குச் சிரிப்பு வந்தது. புருசன் போன பிறகு வந்த முதல் சிரிப்பு. இத்தாவில் சிரிக்கலாமா என்று ஹஸரத்திடம் கேட்டிருக்கவில்லை; சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இத்ரூஸ் அவளோடு பேச நோன்பு மாதம் வரை ஆனது. பசாரில் சில பேர் ரொட்டி வாங்குவதையும் நிறுத்தினார்கள். தோட்டத்துச் சனம் நிறுத்தவில்லை. பசிக்கிறவனுக்கு இதெல்லாம் தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன்பே பலீலா திரைக்குள் போய்விட்டாள். அடுப்பில் தாச்சியைப் போட்டாள். மடுல்சீமை பஸ் வரும் நேரம்.