கரைக்கும் காருக்கும் இடையில்

எனக்கு ஆக்லாந்தில் கார் ஓட்டப் பழக்கியவர் யாழ்ப்பாணத்துக்காரர். வெயிலிலும் கம்பளித் தொப்பியைக் கழற்ற மாட்டார். நான் என்ன பிழை விட்டாலும், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் படைத்தோல்வி ஒன்றை அதற்கு உதாரணமாகச் சொல்லுவார்.

ஒருநாள் சான்ட்ரிங்ஹாமில் மளிகைக்கடை முன்னால் காரை நிறுத்தினேன். பக்கத்திலிருந்து கதவைத் திறந்த மாஸ்டர், நடைபாதைக்கும் கார்ச் சில்லுக்கும் நடுவிலிருந்த இடைவெளியைத் துக்கத்தோடு பார்த்தார்.

"பிள்ளை, இருநூறு வருசத்துக்கு முன்னாலை எகிப்திலை பிரெஞ்சுக்காரனும் இப்பிடித்தான் கரையிலையிருந்து தள்ளிக் கப்பலுகளை நிப்பாட்டினவன். இங்கிலீஷ்காரன் இடையாலை பூந்து அடிச்சுப்போட்டான்."

"இது கார்தானே, மாஸ்டர்?"

"இடைவெளி இடைவெளிதான்."

புக்கெகோஹியில் எனக்கு மரக்கறி பொதி செய்யும் வேலை கிடைத்திருந்தது. கார் இல்லாமல் அங்கே போக முடியாது. அதனால் லைசென்ஸ் சோதனையன்று இடைவெளி ஒன்றையே நினைத்துக்கொண்டு ஓட்டினேன். கடைசியில் ஒரு விளக்குக் கம்பத்தோடு காரை ஒட்டி நிறுத்தினேன். பக்கத்தில் இருந்த பரிசோதகர் இங்கிலாந்துக்காரர். அவருடைய கதவு நாலு விரலுக்கு மேல் திறக்கவில்லை. காரைக் கொஞ்சம் நகர்த்தவா என்று கேட்டேன். இனி ஒன்றையும் தொடாதே என்றார். நான் இறங்கியதும், கியரைத் தாண்டி என் கதவால் தவழ்ந்து வந்து, ஃபெயில் என்று எழுதினார்.

நடைபாதையில் நின்ற மாஸ்டரிடம் அழாக்குறையாகப் போனேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தனான் பிள்ளை! இங்கிலீஷ்காரனாலை அசையேலாமல் போச்சு!"

அந்தத் தொப்பியை அவர் கழற்றி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.