கும்பாவின் பெட்டிக்கு மேலே

கும்பா பிரசவத்தில் செத்துப்போனபோது சிரா முழங்கால் தண்ணீரில் நின்று நெல்லுக்குக் களையெடுத்துக்கொண்டிருந்தாள். இருவரும் உடன்பிறந்தவர்கள் அல்ல. காம்பியா ஆற்றிலிருந்து இந்தக் கரோலினாவுக்கு ஒரே கப்பலில், ஒரே சங்கிலியில் அடிமைகளாக வந்தவர்கள். எங்கள் குடிசைகளில் அந்த உறவு ரத்தத்தைவிடக் கெட்டி. சிராவுக்கு அவள் அக்காதான்.

சிரா அதிகம் பேசமாட்டாள். வாயைத் திறந்தால் மட்டும் கங்காணி மிங்கோகூட அடுத்த வரப்புக்கு நகர்ந்துவிடுவான்.

தச்சு வேலை என்னுடையது. நான் கும்பாவின் சவப்பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது வயல் சேற்றோடு வந்து நின்றாள்.

"புள்ள எங்கண்ணே?"

"பெரிய வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. ஆட்டுப்பால் குடுக்கிறாங்களாம்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தாய் செத்தால், குழிக்குள் இறக்குமுன் கைக்குழந்தையைப் பெட்டிக்கு மேலாக ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் தாயின் மனம் ஆறாது. பிள்ளையைத் தேடிவந்து கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அதை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம்.

சிரா பெரிய வீட்டு அடுப்படி வாசலுக்குப் போய்த் துரைசாணியிடம் மன்றாடினாளாம். சமையற்காரி பிறகு சொன்னாள்.

"கொஞ்ச நேரம் குடுங்கம்மா. கையோட கொண்டாந்து குடுத்துடறேன்."

"இடுகாட்டுக் காத்து பச்சப்புள்ளைக்கு ஆகாது. உங்க பேய்க்கதையெல்லாம் உங்களோட வெச்சுக்க."

சொல்லிவிட்டுத் துரைசாணி உள்ளே போய்விட்டாள். காலைப் பிடிக்கக்கூட சிராவுக்கு இடம் கொடுக்கவில்லை.

பொழுது சாயுமுன் புதைத்துவிட வேண்டும் என்பது துரையின் உத்தரவு. இருட்டில் நாங்கள் கூடினால் அவர்களுக்கு உறக்கம் வராது. வயலுக்குப் பின்னால் மரங்களடியில் குழி வெட்டியாகிவிட்டது. சிராவைக் காணவில்லை. சூரியன் மரங்களுக்குக் கீழே இறங்கிவிட்டது.

"இறக்குங்கப்பா" என்றான் மிங்கோ.

"கயிறு சிக்கிக்கிச்சு" என்றேன்.

"ஒரு முடிச்ச அவுக்க உனக்கு ஒரு சாயங்காலம் வேணுமா? தச்சனாம் தச்சன்."

நான் குனிந்து அவிழ்த்த முடிச்சையே மறுபடி போட்டுக்கொண்டிருந்தேன். மிங்கோவுக்கும் தெரியும். தெரிந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அப்போது வரப்பில் சிரா ஓடிவந்தாள், மார்பில் துணிச்சுருளோடு. வெந்நீர் எடுக்கும் சாக்கில் சமையற்காரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற நேரத்தில் குழந்தையைத் தூக்கிவந்துவிட்டாள். பின்னால் குதிரைக் குளம்புச் சத்தம்.

மூச்சு வாங்கப் பெட்டிக்கு அந்தப்புறம் நின்று நீட்டினாள். நான் இந்தப்புறம் வாங்கினேன். பூனைக்குட்டி கனம்கூட இல்லை. திருப்பிக் கொடுத்தேன்.

"போயிடுக்கா" என்றாள் பெட்டியைப் பார்த்து. "புள்ள எங்ககிட்ட இருக்கு. நீ போயிடு."

துரை வந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டார். சிரா ஓடவில்லை. பெட்டி இறங்கி, மண் மூடும்வரை அங்கேயே நின்றாள்.

மறுநாள் களஞ்சியத்துக் கம்பத்தில் கட்டி அடித்தார்கள். முதுகுப் புண் ஆறுமுன்பே ஜார்ஜியா பக்கம் போகும் வியாபாரிக்கு விற்றுவிட்டார்கள். வண்டியில் ஏற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க நான் செத்தா என்னை யாருண்ணே வழியனுப்புவா? என்கூடக் கப்பல்ல வந்தவங்க ஒருத்தருமில்லையே."

நானும் அவள் கையை விடவில்லை. வண்டிக்காரன் என் விரல்களைச் சவுக்குக் காம்பால் தட்டி விலக்கினான்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. பெரிய வீட்டு அடுப்படியில் இப்போது தத்தித்தத்தி நடக்கிறது. ஜார்ஜியாவிலிருந்து ஒரு சேதியும் இல்லை.

செத்தவர்கள் புழங்கிய பாத்திரத்தை உடைத்துக் கல்லறைமேல் வைப்பது எங்கள் வழக்கம். சிராவின் மண்கிண்ணம் என்னிடம் இருக்கிறது. உயிரோடு இருக்கிறாளோ என்னவோ. இருப்பவளுக்காக எப்படி உடைப்பேன்? போனவளுக்கு உடைக்காமல் எப்படி இருப்பேன்? சில நாள் கையில் எடுக்கிறேன். மறுபடி பரணில் வைத்துவிடுகிறேன்.