கார்த்திகைக்கு எத்தனை நாள்

சிகரெட்டை விடுவதாக என் மனைவியிடம் நான்கு முறை சத்தியம் செய்திருக்கிறேன். நான்கும் புஸ்ஸென்று போயின. ஐந்தாவது முறை நான் வாயைத் திறந்தபோது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உங்களால ஒரு மாசம்கூட இருக்க முடியாதுங்க, விடுங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டுச் சமாளித்திருப்பேன். கீரை முற்றல் என்று சொல்வதுபோல அல்லவா சொன்னாள்! எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு மாசம் முழுசா விட்டுக் காட்டுறேன். இல்லைன்னா என் பேரை மாத்திக்கிறேன், போதுமா?"

"எந்த மாசம்?"

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. இங்கிலீஷ் மாதம் என்றால் முப்பது, முப்பத்தொன்று என்று நீளும். பிப்ரவரி வர நெடுநாள் இருந்தது. ஆனால் தெலுங்கு ஊரான மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குவது ஊரிலிருந்து வரும் தினசரிக் காலண்டர். தமிழ்த் தேதியும் போட்டிருக்கும். போன வருஷம் இருபத்தொன்பது நாளில் கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்துவிட, கோலமாவு வாங்கவில்லையே என்று இவள் அலறியது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

"கார்த்திகை" என்றேன். "புண்ணிய மாசம், பாரு."

மறுவாரம் கார்த்திகை பிறந்தது. பாலாநகரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கு எதிரே ஒரு டீக்கடை. இருபது வருஷமாக அங்கே என்னோடு நின்று புகைக்கும் நண்பர், சார்மினார் பக்கத்துக்காரர், வழக்கம்போலப் பெட்டியை நீட்டினார்.

"நக்கோ பாய்" என்று வேண்டாமென்றேன்.

"கைக்கு?" என்றார், ஏனாம். எனக்கு ஜுரமா என்று தொட்டுப் பார்த்தார்.

விஷயத்தைச் சொன்னேன். இருபத்தொன்பது நாள் என்றதும் அவருக்குக் கணக்கு உதைத்தது. "மஹினா போலே தோ தீஸ் தின் நா?" மாதம் என்றால் முப்பது நாள் இல்லையா என்கிறார். எங்கள் மாதம் கொஞ்சம் சின்னது என்றேன். சிரித்துச் சிரித்து டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். எங்கள் செக்‌ஷனில் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்த மூன்று பேரும் என்னையும் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். நாற்பத்தொரு நாள்! எனக்கென்ன பைத்தியமா?

முதல் வாரம் நான் மனிதனாகவே இல்லை. குக்கர் விசிலுக்குக் கத்தினேன், ஆட்டோக்காரரோடு மல்லுக்கு நின்றேன், கிராம்பைக் கடித்து நாக்கு மரத்துப்போனது. பதினேழாம் நாள் மேலதிகாரி எல்லார் முன்னாலும் என்னைத் திட்டினார். நேராக டீக்கடைக்குப் போய் நண்பரின் விரலிலிருந்து எரிகிற சிகரெட்டைப் பிடுங்கிவிட்டேன். உதடு வரைக்கும் கொண்டுபோனேன். என்னைத் தடுத்தது பக்தியும் இல்லை, நெஞ்சுவலி பயமும் இல்லை. அவள் நிமிர்ந்து பார்க்காமல் கீரை ஆய்ந்தாளே, அதுதான். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் கடையில் ஒரே ஒரு சிகரெட் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மறுநாள் காலை ஒரு கையில் காபி, மறு கையால் காலண்டர் தாளைக் கிழித்தேன். சர்ரென்று வந்தது.

கார்த்திகை 30.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. "எவன்டா இதை அச்சடிச்சவன்? தப்புத் தப்பா போட்டு வச்சிருக்கான்!" என்று வீடு அதிரக் கத்தினேன்.

எட்டாவது படிக்கும் என் மகள் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். தமிழில் என்ன சொன்னாலும் புரியும், பதில் தெலுங்கில்தான் வரும். "தப்பு காதப்பா" என்று ஆரம்பித்தாள். தப்பே இல்லையாம். இங்கிலீஷ் மாதத்துக்கு எத்தனை நாள் என்பது மனிதன் போட்ட ஏற்பாடு. தமிழ் மாதம் அப்படி இல்லை, சூரியன் ஒரு ராசியைக் கடக்க எவ்வளவு நேரமோ அவ்வளவுதான். நமக்குக் குளிர்காலத்தில் பூமி சூரியனுக்குக் கிட்டே வந்து வேகமாக ஓடுகிறது, அதனால் அந்த மாதங்கள் குட்டை. ஆனியில் எட்டப் போய் மெதுவாக நகர்கிறது, அதனால் ஆனி நீளம். கார்த்திகைக்கு ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள். அந்த அரை ஒரு வருஷம் சேராமல் போகும், ஒரு வருஷம் முழு நாளாகச் சேர்ந்துகொள்ளும்.

"அந்த அரை நாளுக்கு எங்கிட்டதானா வேலை?" என்றேன்.

சமையலறையிலிருந்து மனைவி வந்தாள். "இந்த வருஷம் முப்பதுன்னு எனக்கு முதல் நாளே தெரியும். தாளைப் புரட்டிப் பார்த்தேன்."

"தெரிஞ்சுமா சொல்லலை?"

அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அதுவரைக்கும் வருவீங்கன்னு நான் நினைக்கலையேங்க."

குத்திக்காட்டவில்லை. குரல் உடைந்திருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. சின்ன மாதமாகப் பார்த்துப் பொறுக்கினேனே, அந்த வெட்கம் வேறு. சட்டைப்பையிலிருந்து சிகரெட்டை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"ஆனி முடியிற வரைக்கும் தொட மாட்டேன்."

"இன்னும் ஏழு மாசம் இருக்கு. ஆனிக்கு மட்டும் முப்பத்திரண்டு நாளுங்க" என்றாள்.

"இருக்கட்டும். இந்தத் தடவை நீயும் கூட எண்ணு" என்றேன்.